முழவர் கோமான் சிக் வெப்

லயம் என்னும் சொல் மலைநாட்டாராகிய நமக்கு இருபொருள் தருவது. தேயிலைத் தோட்டங்களிலே நம் முன்னோர் வாழ்ந்தனவும், இன்றும் நம்மவர் பலர் வாழ்வனவுமாகிய நீண்ட நிரைக் காம்பராக்களை லயம் என்கிறோம். இசை கற்றோர் காலத்தின் சீரான நடையை லயம் என்பர். முன்னையது ஆங்கிலச் சொல்லின் திரிபு. பின்னையது வடமொழியிலிருந்து வந்தது. பிறப்பால் தொடர்பற்ற இவ்விரு சொற்களையும் நம் மலைகளிலே ஒன்றுசேர்த்து வைத்த கருவி ஒன்றுண்டு. அதுவே தப்பு. பனி விலகாத வைகறையிலே பிரட்டுக்கு ஆளழைக்க லயத்து வாசல்களில் ஒலித்ததும் தப்பே. மாசி மாதத்துக் காமன் கூத்திலே இரதிக்கும் மதனுக்கும் அடி வகுத்துக் கொடுத்ததும் தப்பே. சாவு வீட்டிலிருந்து அயலாரை அழைத்ததும் தப்பே.

எனினும், தப்படித்தவருக்கு நாம் கொடுத்த இடம் யாது? அவர் கையடியினால் விழா நடந்தது. ஆனால் விழாப் பந்தியிலே அவருக்குரிய இடம் கடைசியாயிற்று. பல வேளைகளில் பந்தலுக்கு வெளியேயாயிற்று. பண்டைத் தமிழகத்திலோ நிலை வேறு. அரசனது முரசுக்கெனக் கட்டில் இருந்தது. அதனை அறியாது அதன்மேற் படுத்துறங்கிய மோசிகீரனாரைத் தண்டியாது, அவர் துயில் கலையாவண்ணம் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசி நின்றான் என்ற வரலாற்றைப் புறநானூற்றாலே அறிகிறோம். அரண்மனையிலே கட்டிலேறிய தோற்கருவி, பிற்காலத்திலே தெருவில் இழிந்ததெனக் கருதப்பட்டது. இது கருவியின் குற்றமன்று, கேட்டோரின் குற்றமேயாம்.

இக்குற்றம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கடலுக்கப்பால் அமெரிக்காவிலே, அடிமைகளின் வழித்தோன்றலாய், வறிய வீட்டிலே பிறந்து, கூனுற்ற முதுகும் வலுவிழந்த கால்களும் உடையவராய், நான்கடிக்குச் சற்றே மேற்பட்ட உயரத்தினராய், ஏட்டிசை வாசிக்கவும் அறியாதவராய் இருந்த ஒருவர், பின்வரிசையிலே கிடந்த முழவைக் குழுவின் நடுவே கொணர்ந்து வைத்தார். அவரே சிக் வெப். 1939 ஆம் ஆண்டிலே மறைந்த அவரது வாழ்க்கை, தப்பொலி கேட்டு வளர்ந்த நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும்.

ஜாஸ் என்னும் இசை

வரலாற்றிற் புகுமுன், ஜாஸ் என்பது யாதென மாணாக்கர் பொருட்டுச் சிறிது கூறுதல் தகும். ஆபிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோர் தம் உடைமை யாவும் இழந்தனர். முழவும் அவர்க்கு மறுக்கப்பட்டது. 1739 ஆம் ஆண்டிலே தென் கரோலினாவில் அடிமைகள் முரசு முழக்கிக் கிளர்ந்தெழ, அடுத்த ஆண்டிலே அக்குடியேற்றத்தில் இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் முரசு வைத்திருத்தலைத் தடை செய்தது. தோற்கருவியை இழந்தவர்கள் கைதட்டியும் காலால் நிலத்தை அறைந்தும் தாளத்தைக் காத்தனர். அடிமை முறை ஒழிந்தபின், அத்தாளமும் அவர்தம் துயரப் பாடல்களும் தேவாலயப் பாடல்களும் ஐரோப்பியப் படைவாத்தியக் கருவிகளோடு கூடின. அக்கூட்டிலிருந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, நியூ ஓர்லியன்ஸ் நகரில் உருப்பெற்றதே ஜாஸ்.

நம் மேளக் கச்சேரியிலே நாதசுரக்காரர் இராகத்தைத் தம் கற்பனைக்கேற்ப விரிப்பதுபோல, ஜாஸ் வித்துவானும் எடுத்துக்கொண்ட மெட்டை அவ்வப்போது புதிதாக விரித்து வாசிப்பார். 1930 ஆம் ஆண்டுகளிலே இவ்விசை, பன்னிருவர் பதினைவர் கொண்ட பெருங்குழுக்களால் நடன மண்டபங்களிலே வாசிக்கப்பட்டது. ட்ரம்பெற், ட்ரொம்போன், சக்சபோன் ஆகிய ஊதுகருவிகள் முன்னிற்கும். பியானோவும் கிற்றாரும் பெருந்தந்திக் கருவியும் துணை நிற்கும். முழவு எல்லாவற்றிற்கும் பின்னே இருக்கும். குழுத்தலைவர் பெரும்பாலும் ஊதுகருவியாளராகவோ பியானோ வாசிப்போராகவோ இருப்பார். முழவு வாசிப்பவர் தலைவராதல் அக்காலத்து வழக்கிற்கு மாறானது.

பிறப்பும் பிணியும்

வில்லியம் ஹென்றி வெப் என்பது அவரது இயற்பெயர். மேரிலாண்ட் மாநிலத்துப் போல்ற்றிமோர் நகரிலே 1905 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10 ஆம் நாள் பிறந்தார் என்பதே ஆராய்ந்தோர் பலரின் முடிபு. குழந்தைப் பருவத்திலேயே முள்ளந்தண்டைச் சயரோகம் பற்றியது. முதுகு வளைந்தது; வளர்ச்சி நின்றது; கால்கள் முழு வலிமை பெறவில்லை. அவரது உருவத்தைக் கண்டு கோழிக்குஞ்சு என்னும் பொருள்பட அயற்சிறுவர் அழைத்த பெயரே சிக் என நிலைத்தது. பரிகாசமாக இடப்பட்ட அப்பெயரையே பின்னர் அவர் தம் விருதுப்பெயராக்கிக் கொண்டார் எனலாம். பிற்காலத்தில் அவர் வாசித்த முழவுகளின் மேற்புறத்திலே கோழிக்குஞ்சின் உருவம் பதிக்கப்பட்டிருந்தது.

தாய்வழிப் பாட்டனாரின் வீட்டிலே அவர் வளர்ந்தார். இறுகிய மூட்டுக்களைத் தளர்த்துதற்கு முழவு வாசித்தல் உதவுமென வைத்தியர் ஒருவர் கூறினாரென்பர். மருந்தாகத் தொடங்கியது வாழ்க்கையாக மாறிற்று. கருவி வாங்கப் பணமில்லாத சிறுவர், வீட்டுப் பாத்திரங்களையும் வாசற்படிகளையும் குப்பைத் தகரங்களையும் கோல்களால் அடித்துப் பழகினார். தெருக்களிலே செய்தித்தாள் விற்றுக் காசு சேர்த்தார். அக்காசைக் கொண்டு பழைய முழவுத் தொகுதியொன்றை வாங்கினார். நடக்கவே இடர்ப்பட்ட பிள்ளை செய்தித்தாட் கட்டைச் சுமந்து தெருவெங்கும் திரிந்தமை, அவரது உள்ளத்தின் உறுதியை நமக்குக் காட்டுகின்றது.

வளரிளம் பருவத்திலே செசபீக் விரிகுடாவில் உல்லாசப் பயணம் செல்லும் கப்பல்களில் வாசித்த குழுவொன்றிலே சேர்ந்தார். அங்கே ஜோன் ட்ரூஹார்ட் என்னும் கிற்றார் வித்துவானின் நட்புக் கிடைத்தது. இறுதிவரை மாறாத நட்பு அது. இருவரும் 1925 ஆம் ஆண்டளவிலே நியூயோர்க் நகருக்குப் புறப்பட்டனர்.

வறுமையிலும் பிரியாத குழு

நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதி அக்காலத்திலே கறுப்பின மக்களின் கலைத் தலைநகராக விளங்கியது. ஆங்கே இளைஞரான டியூக் எலிங்டன் தம் குழுவை நடத்தி வந்தார். இவ்வெலிங்டனே பின்னர் உலகப் புகழ்பெற்று, 1963 ஆம் ஆண்டிலே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தம் குழுவோடு வந்து வாசித்துச் சென்றவர். அவர் வெப்பின் திறமையைக் கண்டு, 1926 ஆம் ஆண்டிலே சிறு கேளிக்கைக் கூடமொன்றில் தனிக்குழு அமைத்து வாசிக்கும் வாய்ப்பைப் பெற்றுக் கொடுத்தார். தலைமை தாங்க வெப் முதலிற் தயங்கினாராயினும், தோழர் வற்புறுத்த இசைந்தார்.

அதன்பின் வந்த ஆண்டுகள் கடினமானவை. வேலை சில வாரங்கள் இருக்கும். பல வாரங்கள் இராது. குழுவினர் ஒரே அறையிலே நெருங்கிக் கிடந்து, கிடைத்ததைப் பகிர்ந்துண்டு காலம் கழித்தனர். பணத்திற்காகத் தமக்குப் பிடியாத இசையை வாசிக்க வெப் இணங்கவில்லை. அதேவேளை, தம்மை நம்பியவரின் உயர்வுக்கு அவர் குறுக்கே நின்றதுமில்லை. அவர் குழுவிலிருந்த ஜோனி ஹொட்ஜஸ் என்னும் சக்சபோன் வித்துவானின் திறமைக்கு எலிங்டன் குழுவே தக்க இடமெனக் கண்டு, அவர் ஆங்கே செல்லத் தூண்டினார். 1928 ஆம் ஆண்டிலே எலிங்டனிடம் சேர்ந்த ஹொட்ஜஸ், ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் அக்குழுவின் அணிகலனாக விளங்கினார். தம் குழுவின் மிகச் சிறந்த இசைஞரைத் தாமே வழியனுப்பி வைக்கும் தலைவர் எத்தனை பேர் உளர்?

சவோய் மண்டபம்

ஹார்லெமின் லெனொக்ஸ் வீதியிலே, 140 ஆம் தெருவுக்கும் 141 ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட நீளம் முழுவதையும் தனதாக்கி நின்றது சவோய் நடன மண்டபம். 1926 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே திறக்கப்பெற்ற அம்மண்டபத்தின் உடைமையாளர் மோ கேல் என்னும் யூதர். மேலாளர் சார்ள்ஸ் புக்கனன் என்னும் கறுப்பினத்தவர். நியூயோர்க்கின் பெயர்பெற்ற கேளிக்கைக் கூடங்கள் பலவற்றில் கறுப்பினத்தார் மேடையிலே வாசிக்கலாம். சனத்தோடு சனமாக அமரலாகாது. சவோயிலே அத்தடை இல்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினர். ஆட்டத் திறமையே அங்கு மதிக்கப்பட்டது. மண்டபத்திலே இரு மேடைகள் இருந்தன. ஒரு குழு ஓயும்போது மற்றையது தொடங்கும், இசை அறாது.

1931 ஆம் ஆண்டு முதல் வெப்பின் குழு இம்மண்டபத்தின் நிலையான குழுவாயிற்று. உலகெங்கும் பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய காலம் அது. நம் மலைகளிலே தேயிலை விலை வீழ்ந்து, தோட்டத் தொழிலாளரின் கூலி குறைக்கப்பட்ட காலமும் அதுவே. அதே 1931 ஆம் ஆண்டிலேதான் அட்டன் நகரில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்; அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். ஒடுக்கப்பட்ட மக்கள் நிமிர முற்படும்போது இசை அவர்க்கு உடன்வருதல் எந்நாட்டிற்கும் பொது.

தலைமையின் இயல்பு

வெப்பின் முழவுத் தொகுதி அவருக்கெனவே அமைக்கப்பட்டது. காலால் மிதித்து அடிக்கும் பெருமுரசின் குறுக்களவு 28 அங்குலம். அஃது அவருடைய உயரத்திற் பாதியிலும் மிக்கது. அதன் மிதிகட்டை அவரது குறுகிய காலுக்கு எட்டுமாறு திருத்தப்பட்டிருந்தது. வெண்கலத் தட்டுக்கள் வளைந்த தண்டுகளிலே, அவர் கைக்கு எட்டும் தொலைவில் தொங்கின. இவையனைத்தும் உயர்ந்த மேடையொன்றின்மேல், குழுவின் நடுவே வைக்கப்பட்டிருந்தன. பெருமுரசின் பின்னால் அவரது தலை மாத்திரமே தெரியும் என்பர்.

அவருக்கு ஏட்டிசை தெரியாது என்று கூறினோம். ஆயினும் குழுவினர் வாசிக்கும் ஒவ்வோர் உருப்படியின் ஒவ்வொரு பகுதியும் அவருக்கு மனப்பாடம். புதிய உருப்படியைப் பழகும்போது அருகிலே நின்று கேட்பார். பின்னர் எக்கருவியாளராவது தவறினால், அவருக்குரிய பகுதியைத் தம் வாயாற் பாடிக் காட்டித் திருத்துவார். மேடையிலே கையசைத்து நடத்த அவருக்குத் தேவை இருக்கவில்லை. சிறுமுரசில் ஒரு சிற்றடி, வெண்கலத் தட்டில் ஒரு வருடல், அதுவே கட்டளை. ஊதுகருவிகள் எங்கே மெலியவேண்டும், எங்கே பொங்கவேண்டும் என்பதை அவர் அடியே உணர்த்தியது.

இங்கே ஒன்று கருதத் தக்கது. முழவுக்காரர் தலைவரானால் முழவே மிகுந்து மற்றையவை அடங்கிப்போகும் என நாம் எண்ணக்கூடும். வெப்பின் குழுவில் நிகழ்ந்தது அதற்கு மாறானது. அவர் தனியே முழங்கிய இடங்கள் சில, அவையும் சுருக்கமானவை. எஞ்சிய நேரமெல்லாம் பிறர் இனிமையாக ஒலிப்பதற்கு வழி செய்வதே அவர் பணியாக இருந்தது. 1937 ஆம் ஆண்டிலே பதிவான ‘ஹார்லெம் கொங்கோ’, 1938 ஆம் ஆண்டிலே பதிவான ‘லைசா’ ஆகிய இசைத்தட்டுக்களில் அவரது தனிமுழக்கைக் கேட்கலாம். அக்காலத்து ஒலிப்பதிவுக் கருவி பெருமுரசின் முழு ஒலியையும் ஏற்கவியலாதது. ஆதலின் தட்டிலே கேட்பது அவரது ஆற்றலில் ஒரு பகுதியே.

அவர் குழுவின் பெருமைக்கு மற்றொரு காரணம், பிறர் பாட்டுக்களை மாத்திரம் வாசியாது, தமக்கெனப் புதிய உருப்படிகளைப் படைத்துக் கொண்டமையாகும். அவற்றிற் சிறந்தவற்றை ஆக்கியவர் எட்கர் சாம்ப்சன். சக்சபோனும் வயலினும் வாசித்த அவர், வெப்பின் குழுவில் இருந்த சில ஆண்டுகளிலே ‘ஸ்டொம்பின் அற் த சவோய்’, ‘டோன்ற் பீ தற் வே’, ‘புளூ லூ’ முதலிய உருப்படிகளை அளித்தார். இவற்றின் மெட்டுக்கள் எளியவை, இனியவை. ஒருமுறை கேட்டார் வாயிலும் முணுமுணுப்பாக வருபவை. முதலிரண்டும் 1934 ஆம் ஆண்டிலேயே வெப்பின் குழுவால் இசைத்தட்டில் ஏறின.

ஆனால் உலகம் அவற்றை அறிந்தது வேறொருவர் வாயிலாக. பெனி குட்மன் என்னும் வெள்ளை இனத்துக் கிளரினெற் வித்துவான் 1936 ஆம் ஆண்டிலே ‘ஸ்டொம்பின் அற் த சவோய்’ என்பதைப் பதிவு செய்ய, அது நாடெங்கும் பரவியது. 1938 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் நாள் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்திலே குட்மன் நடத்திய புகழ்பெற்ற கச்சேரி, ‘டோன்ற் பீ தற் வே’ என்பதோடு தொடங்கியது. வெள்ளையர் குழுக்களுக்கு வானொலியும் பெரிய விடுதிகளும் திறந்திருந்தன. வெப்புக்கு அவை இலகுவிற் திறக்கவில்லை. விதை ஒருவருடையது, விளைவு மற்றொருவருடையது என்னும் நிலை தேயிலை நாட்டாராகிய நமக்குப் புதிதன்று. எனினும் குட்மன் கறுப்பினக் கலைஞரைத் தம்முடன் மேடையேற்றிய துணிவுடையவர் என்பதையும் நடுநிலை பிறழாது கூறல் வேண்டும்.

இசைப் போர்

சவோயின் இரு மேடைகளிலும் இரு குழுக்கள் எதிரெதிர் நின்று மாறி மாறி வாசிக்க, யார் மேலென ஆடுவோர் கரவொலியாற் தீர்மானிக்கும் வழக்கம் இருந்தது. நம் கோயில் வீதிகளிலே இரு மேளங்கள் எதிர்ப்பட்டு விடியுமளவும் வாசிக்கும் போட்டியை இது நினைவூட்டும். வெப்புக்கு இப்போர்களிலே பெருவிருப்பம்.

1937 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆம் நாள் குட்மன் தம் குழுவோடு சவோய்க்கு வந்தார். அக்குழுவின் முழவு வித்துவான் ஜீன் குருப்பா அப்போது அமெரிக்க இளைஞரின் கண்மணி. அழகிய தோற்றமும் கவர்ச்சியான வாசிப்பும் உடையவர். மண்டபத்தினுள்ளே நாலாயிரவர் நெருங்கி நின்றனர். இடமின்றி ஆயிரக் கணக்கானோர் வெளியே திரண்டனர். பொலிசார் வந்து ஒழுங்கு செய்ய நேர்ந்தது. புகழ் குட்மன் பக்கம். செல்வமும் அவர் பக்கம். ஆயினும் இரவு முதிர முதிர வெற்றி யாருடையது என்பது ஐயமற விளங்கியது. குட்மன் குழு வாசித்த உருப்படிகளையே தாமும் எடுத்து, அவற்றினும் மேலாக வாசித்து வெப்பின் குழு மண்டபத்தை அதிரச் செய்தது. இறுதியிலே குருப்பா எழுந்து வெப்புக்குத் தலைவணங்கினார். தம்மை வென்றவரின் பெருமையைத் தம் ஆயுள் முழுவதும் எடுத்துரைத்தமை குருப்பாவின் பெருந்தன்மை.

மறு ஆண்டு ஜனவரி 16 ஆம் நாள், கார்னகி மண்டபக் கச்சேரி நிகழ்ந்த அதே இரவிலே, கவுண்ட் பேசி என்பவரது குழு வெப்பை எதிர்கொண்டது. இம்முறை தீர்ப்பு ஒருமுகமாக இல்லை. வெப்பே வென்றார் என்பாரும், பேசியே வென்றார் என்பாரும் இருந்தனர். அந்நாளிலேயே நோய் வெப்பை உள்ளூர வாட்டிக் கொண்டிருந்தது.

அநாதைச் சிறுமிக்கு அளித்த இடம்

வெப்பின் வாழ்விலே பலரும் அறிந்த பகுதி, எலா பிற்ஸ்ஜெரல்ட் என்னும் பாடகியை அவர் உலகுக்கு அளித்தமையாகும். 1917 ஆம் ஆண்டிலே பிறந்த எலா, பதினைந்து வயதிலே தாயை இழந்து, உறைவிடமின்றி ஹார்லெம் தெருக்களில் அலைந்தவர். 1934 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அப்பலோ அரங்கில் புதியோர்க்கென நடந்த போட்டியிலே நடனமாட வந்து, ஆடத் துணிவின்றிப் பாடிப் பரிசு பெற்றார். ஆயினும் கிழிந்த உடையும் வாராத தலையுமாக நின்ற அப்பெண்ணை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை.

குழுவைச் சேர்ந்தோர் எலாவை அழைத்து வந்தபோது வெப்பும் முதலில் மறுத்தார். தோற்றத்தாற் பரிகசிக்கப்பட்ட ஒருவரே பிறரைத் தோற்றத்தால் அளவிட்டமை வியப்பே. பெரியோரிடத்தும் இத்தகைய மறதி உண்டு. ஆனால் அவர் தம் செவியை நம்பினார். 1935 ஆம் ஆண்டிலே யேல் பல்கலைக்கழக மாணவரின் நடன விழாவொன்றில் எலாவைப் பாடச் செய்து, கேட்டோர் மகிழக் கண்டு, குழுவிற் சேர்த்துக் கொண்டார். எலாவை அவர் சட்டப்படி தத்தெடுத்தாரென ஒரு கதை பரவியிருந்தது. அது மெய்யன்று, ஆனால் தந்தையொப்பக் காத்தார் என்பது மெய். அவசரப்படாது படிப்படியாகப் பழக்கினார். குழுவின் உருப்படிகளை அக்குரலுக்கு ஏற்ப மாற்றினார். தம் முழவு கேட்கப்படுவதைக் காட்டிலும் அச்சிறுமியின் குரல் கேட்கப்படுதலை அவர் விரும்பினார்.

1938 ஆம் ஆண்டு மே மாதத்திலே, குழந்தைகள் விளையாட்டுப் பாட்டொன்றை அடியாகக் கொண்டு எலாவும் வான் அலெக்சாண்டரும் ஆக்கிய ‘ஏ டிஸ்கற் ஏ டாஸ்கற்’ என்னும் பாட்டு இசைத்தட்டில் வெளியாயிற்று. அது பல வாரங்கள் விற்பனையில் முதலிடம் பெற்றது. பெரிய விடுதிகளின் கதவுகள் அப்போதுதான் வெப்புக்குத் திறந்தன. செய்தித்தாள் விற்ற சிறுவர் விரும்பியதெல்லாம் கைக்கெட்டிய வேளை அது.

மறைவு

ஆனால் உடல் இடங்கொடுக்கவில்லை. முள்ளந்தண்டு நோய் முற்றியது. கச்சேரி முடிந்ததும் மேடையின் பின்னே உணர்விழந்து வீழ்ந்த நாட்கள் உண்டு. ஓய்வெடுக்குமாறு வேண்டியோர்க்கு அவர் செவிசாய்க்கவில்லை. தாம் நின்றால் தம்மை நம்பிய இசைஞரின் வருவாய் நின்றுவிடும் என்பது அவர் கவலை. ஊரூராகச் செல்லும் நீண்ட பயணங்களையும், கறுப்பினத்தார் தங்க நல்ல விடுதி கிடையாத தென்மாநிலங்களின் இடர்களையும் அவ்வுடலோடு தாங்கினார்.

1939 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே நோய் மிகவே, பிறந்த நகராகிய போல்ற்றிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். ஜூன் 16 ஆம் நாள், தாயும் உறவினரும் சூழ்ந்திருக்க, தம்மைத் தூக்கி நிமிர்த்தச் செய்து, புறப்பட வேண்டியிருப்பதற்காக அவர்களிடம் வருத்தம் தெரிவித்து உயிர் நீத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு. இறுதிச் சடங்கிற்குப் பெருந்திரளானோர் கூடினர். எலா அங்கே பாடினார்.

அடுத்த மாதத்திலே நேரு இலங்கைக்கு வந்து, இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்ற வழிகோலினார் என்பது நம்மவர் அறிந்தது. காலம் ஒன்றாயினும், அப்போது நம் லயங்களிலே தப்பொலி கேட்டோர்க்குச் சிக் வெப்பின் பெயர் எட்டியிருக்க வாய்ப்பில்லை. எட்டியிருந்தால் தம்மவர் ஒருவரென்றே அவரைக் கொண்டிருப்பர்.

அவர் விட்டுச் சென்றவை

வெப்பின் குழுவை எலா பிற்ஸ்ஜெரல்ட் 1942 ஆம் ஆண்டு வரை நடத்தினார். பின்னர் தனித்துப் பாடி, 1996 ஆம் ஆண்டில் மறையும்வரை இசையுலகில் ஈடற்று விளங்கினார். சவோய் மண்டபம் 1958 ஆம் ஆண்டிலே மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. ஆனால் அம்மண்டபத்தின் பெயர் தாங்கிய மெட்டு இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகின்றது. போல்ற்றிமோரிலே அவர் வளர்ந்த பகுதியில், கறுப்பினச் சிறாருக்கு விளையாடவும் நீந்தவும் இடமில்லாதிருந்த குறை தீர, அவர் பெயரால் 1947 ஆம் ஆண்டிலே பொழுதுபோக்கு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. நடக்க இயலாதிருந்த பிள்ளையின் பெயரிலே மற்றப் பிள்ளைகள் ஓடியாட ஓர் இடம் அமைந்தமை பொருத்தமே.

முழவுக்காரர் தலைவராகலாம் என்பதை அவர் நிலைநாட்டிய பின்னர் அவ்வழியிற் பலர் வந்தனர். குருப்பா தனிக்குழு அமைத்தார். ஆர்ட் பிளேக்கி ‘ஜாஸ் மெசஞ்சர்ஸ்’ என்னும் குழுவை 1990 ஆம் ஆண்டிலே தாம் இறக்கும்வரை நடத்தி, இளம் இசைஞர் பலரின் ஆக்கங்களை அரங்கேற்றினார். மக்ஸ் ரோச் முழவையே உரிமைக் குரலாக்கினார். இவர்கள் யாவருக்கும் முன்னோடி வெப்பே.

நிற்க, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? உடற்குறை இருந்தும் ஒருவர் உயர்ந்தார் என்பதோடு அமைதல் போதாது. அவர் உயர்ந்தது, தாம் இழிவென எண்ணப்பட்ட கருவியை விட்டு வேறொன்றைப் பற்றியமையாலன்று. அக்கருவியையே பற்றி, அதன் வாயிலாகப் பிறர் அனைவரையும் செவிமடுத்தமையாலாகும். நம்முள்ளே கல்வி கற்று உத்தியோகம் பெற்றோர் சிலர், தப்பொலியைத் தாம் கடந்துவந்த வறுமையின் அடையாளமாகக் கருதி நாணியதுண்டு. இதை எழுதுவோனும் மாணவப் பருவத்திலே அந்நாணத்துக்கு விலக்கானவன் அல்லன். இன்று மலையகத்து இளைஞரும் பெண்களும் தப்பை மேடையேற்றி வருகின்றனர். மகிழத் தக்கதே. ஆனால் கருவியை மேடையேற்றிய நாம், அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த கைகளுக்கு என்ன செய்தோம்? தீயிலே தோலைக் காய்ச்சிச் சுருதி கூட்டவும், அடி வேற்றுமைகளைப் பெயர் சொல்லி வகுக்கவும் அறிந்த முதியோர் தோட்டங்களில் இன்னும் உளர். அவர் அறிவு ஏட்டில் இல்லை. வெப்பின் அறிவும் ஏட்டில் இருந்ததன்று.

கல்லூரியின் இவ்விழாக் காலத்திலே பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் மண்டபத்திலே மிருதங்கத்திற்கும் வயலினுக்கும் இடமுண்டு. அம்முதியோருள் ஒருவரையாவது ஆண்டுதோறும் அழைத்து, மாணாக்கருக்கு அவர் கலையைக் கற்பிக்கச் செய்தல் வேண்டும். அவருக்குரிய ஆசனம் வாயிலின் புறத்தே அன்று, மேடையின் நடுவே இடப்படல் வேண்டும்.